இன்னும் நாலு படம்

நீ அந்த ஜன்னலோரமாவே உக்காந்துக்க கண்ணு, நான் இக்கட்டயே இருந்துக்கறேன். காத்து வந்தா வருது, வராட்டிப் போகுது. ஜன்னலோரம் உக்காந்தா ரோட்டைப் பாக்கச் சொல்லும். எனக்கு இந்த ரோட்டைப் பாக்கற சோலி இல்லை.

பல்லடத்துலதான் எறங்கறியா? பேங்க்குல வேலையா? நல்லது சாமி. அப்ப உனக்குச் சொன்னா வெளங்கும். உங்க பேங்க்குக்கு என்னாட்டம் வயசான பொம்பளை ஒருத்தி வந்தா, வாங்கம்மா, உக்காருங்கம்மா, என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேப்பீங்களா மாட்டீங்களா? சிரிக்கறயே. அப்ப அங்கயும் இல்லையாட்ட இருக்குது. போச்சாது, பேங்க்கை விடு. இந்தக் காமிராக் கடைக்காரங்க இருக்காங்களே, அவிங்களைத்தான் எனக்கு நெனைச்சாலே வயிறு எரியுது.

மடியில வெச்சிருக்கறனே, இந்தக் கவரு, இது கோயமுத்தூர்ல ஒரு லேப்புல வாங்கிட்டு வரேன். காட்டறேன் இரு. கதை தெரியாம பாத்தா உனக்கு வெறும் பஸ்ஸாத்தான் தெரியும்.

எங்களுக்குக் கரூரு. எங்கூட்டுக்காரரு பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறை வெச்சிருந்தாரு. வெறும் எஞ்சினும் சக்கரமுமா வந்து நிக்கும், அதைப் பஸ்ஸாக்கி அனுப்புவாரு. இந்த பஸ்ஸுகூட கரூர்ல கட்டினதுதான். மேல கம்பி வளைச்சிருக்கறதைப் பாத்தாலே எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ராயப்பண்ணன் காமிராக் கடை. வேற எதுவும் விக்க மாட்டாரு, காமிரா, ரோலு, அதுக்கு வேண்டிய சாமான், அவ்வளவுதான். உள்ள கால் வெச்சாப் போதும், ஸ்டூலைத் தோள் துண்டால தொடைச்சுப் போடுவாரு. "வா தங்கச்சி, மச்சான் வரலியா, பாப்பா பள்ளிக்கொடம் போயிட்டாளா"ன்னு விசாரிப்பாரு. நாம வாங்கறது ஒரே ஒரு ரோலா இருக்கும். அதை அவரே காமிராவுல போட்டு, ரெண்டு சுத்து சுத்தி, ரப்பர் பந்தாட்டம் ஒண்ணு வெச்சிருப்பாரு, அதால புஸ்ஸு புஸ்ஸுன்னு தூசி ஊதி, பூத்துணியில தொடைச்சு, கைக்கொழந்தையைக் குடுக்கறாப்புல குடுப்பாரு. கழுவுன போட்டோவை வாங்கப் போனாலும் சும்மா கவரை நீட்ட மாட்டாரு. ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு, "இதுல வெளிச்சம் பின்னால இருக்குது தங்கச்சி, அதான் பாப்பா மூஞ்சி கருத்துப்போச்சு, அடுத்த தடவை வெயிலுக்கு எதுக்க நிக்க வைய்யி"ம்பாரு. கடைன்னா அது கடை.

இப்ப அவரு மருமகன் பாக்கறாரு. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசல்ல தொப்பி போட்ட ஆளு. அந்தாளு என்ர பையைத் தொறந்து காட்டச் சொல்றான். நான் என்ன குண்டா கொண்டு போறேன்? உள்ள போனா வட்ட வட்டமா லைட்டு. செல்லுல ஆடிப் பாடி எடுக்கறாங்களே, அதுக்காம். பறக்கற காமிராவாம். உக்கார ஒரு ஸ்டூலு இல்லை. எத்தனை நேரம் நின்னேன்னு எனக்குத் தெரியாது, கால் கடுத்துப்போச்சு. டை கட்டின ஒருத்தன், கல்யாண வயசு இருக்கும், காதுல எதையோ சொருவிக்கிட்டு ஆருகிட்டயோ பேசிட்டே, "சொல்லுங்க மேடம்"ங்கறான். மேடமாம். அம்மான்னு சொன்னா வாயில முத்து உதுந்துருமா?

நான் காமிராவை மேசை மேல வெச்சேன். "தம்பி, இதுக்குள்ள ரோல் இருக்குது, பத்தரமா எடுத்துக் கழுவிக் குடுக்கோணும்"னேன். தெளிவாத்தான் சொன்னேன். "இதெல்லாம் இப்ப ஆரு மேடம் வெச்சிருக்கறாங்க"ன்னான். கையில வாங்கி முன்னயும் பின்னயும் திருப்பினான். "ரோலு இருக்குதா என்னன்னு பாக்கறேன்"னு சொன்னான் கண்ணு. இருக்குதான்னு பாக்கறதுக்கு, பின்கதவைப் படார்னு தொறந்துபோட்டான்.

உனக்குப் புரியல, இல்ல? நீயும் செல்லுலயே எடுத்துப் பழகின புள்ள. ரோலுன்னா இருட்டுலயே இருக்கோணும் சாமி. வெளிச்சம் பட்டா அத்தனையும் போச்சு. வெள்ளையாப் போயிரும். ராயப்பண்ணன் ஒரு கறுப்புப் பை வெச்சிருப்பாரு, அதுக்குள்ள கையை விட்டுத்தான் தொடுவாரு. இவன் அத்தனை வட்ட லைட்டுக்கும் நடுவுல தொறந்து, உள்ள குனிஞ்சு பாத்து, "ஆமா மேடம், இருக்குது"ங்கறான். நான் போட்ட சத்தத்துல டக்குன்னு மூடினான். மூடிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "ஏன் மேடம் கத்தறீங்க, ஒரு செகண்டுதான தொறந்தேன்."

ஒரு செகண்டுதானாம்.

ஒரு மனுசன் ஒரு காரியம் பண்றதுக்கு முன்னால ஒரு செகண்டு யோசிக்க வேண்டாமா? அது ஆரோட சாமான், அதுல என்ன இருக்குது, போனா திரும்ப வருமான்னு யோசிக்க வேண்டாமா? வெடுக்குன்னு பண்ணிப்போட்டா அப்பறம் உக்காந்து அழுதா ஆச்சா?

அதுல என்ர புள்ள இருந்தா கண்ணு. கோகிலவாணின்னு பேரு. ஒரே புள்ள. நாங்க கோகிலம்னு கூப்புடுவோம். அவ போட்டோன்னு இந்த ஒலகத்துல எங்ககிட்ட இருந்தது அந்த ரோல்ல இருந்ததுதான். மிச்சத்தையெல்லாம் அவரு எரிச்சுப்போட்டாரு. தொட்டில்ல கெடந்ததுலருந்து, மொட்டை போட்டது, காது குத்தினது, சீரு வெச்சது, பள்ளிக்கொடத்துல ஓடி ஜெயிச்சது, ஆல்பம் ஆல்பமா ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில போட்டு நெருப்பு வெச்சாரு. போட்டோ எரியறப்ப சுருண்டுக்கும், பாத்திருக்கறியா? மூஞ்சி கடைசியாத்தான் எரியும். நான் அடுப்படியில நின்னு ஜன்னல் வழியா பாத்தேன். நான் என்ன பண்ண முடியும் சொல்லு.

அய்யோ, கண்ணு கலங்காத. நீ என்ன நெனைச்சுட்ட? வாயில போடு. செத்தெல்லாம் போகல. அவ நல்லாத்தான் இருக்கறா. இருந்தான்னு சொன்னது, ஊட்டை விட்டுப் போயிட்டாங்கறதுக்கு. பட்டறைக்கு சீட்டுத் தைக்க வந்த பையனோட போயிட்டா. பஸ்ஸு சீட்டுக்கு ரெக்சின் தைக்கறவன். வேற ஆளுங்க. எங்க பக்கம் பொண்ணு எடுக்கவோ குடுக்கவோ முடியாத ஆளுங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.

அந்த ரோலு எப்படித் தப்புச்சுதுன்னா, அது இன்னும் முடியல. உங்க காலத்துல இது கெடையாது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறும் எடுத்து முடிச்சாத்தான் கழுவக் குடுப்போம். நடுவுல எடுத்தா மிச்சம் வீணாப்போயிருமில்ல? ஊருக்குள்ள ஆரு ஊட்டுலயும் அப்படித்தான். கல்யாணத்துல எடுத்தது அடுத்த தீவாளி நோம்பிக்குத்தான் பாக்கக் கெடைக்கும். அந்த ரோல்ல மொத பாதிக்கு மேல இவரு பஸ்ஸா எடுத்துத் தள்ளியிருந்தாரு. ஆயுத பூசையன்னிக்குப் பட்டறையில நின்ன பஸ்ஸு எல்லாத்தையும் எடுத்தாரு. அதுக்குப் பொறகு, கோகிலத்துக்கு மாப்பிள்ளை பாக்க ஜாதகத்தோட போட்டோ கேட்டாங்க. பச்சைப் பட்டுல, நந்தியாவட்டைச் செடிகிட்ட நிக்க வெச்சு எடுத்தாரு. உம்முன்னு நின்னா. வேணும்னேதான் அப்படி நின்னா, இப்பத்தான தெரியுது. கடைசியா எடுக்கறப்ப கோழி ஒண்ணு இவரு வேட்டிக்குள்ள பூந்துருச்சு. அப்பச் சிரிச்சா பாரு! பல்லு பூராத் தெரிய, கண்ணு சுருங்க, அந்தச் சிரிப்பைப் பாத்துட்டே இவரு அமுக்கிட்டாரு.

அதோட முப்பத்திரண்டு. மாப்பிள்ளை ஊட்டுல அவசரப்படுத்தறாங்க, போட்டோவைக் கழுவுங்கன்னு நான் சொன்னேன். "இன்னும் நாலு படம் இருக்குது, பொங்கலுக்கு எடுத்து முடிச்சுட்டுக் கழுவிக்கலாம்"னாரு. பொங்கலுக்கு முன்னால புள்ள போயிட்டா.

எரிச்சாரே, அதுக்கு மக்காநாள் காலையில என்னயக் கோயலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மாரியாத்தாளுக்கு முன்னால தட்டுல கற்பூரத்தைக் கொளுத்தி வெச்சு, "அடிச்சு சத்தியம் பண்ணு. இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லு"ன்னாரு. கண்ணெல்லாம் செவந்து நிக்கறாரு. அடிச்சேன். ஒரு செகண்டு. கைகூடச் சுடல.

அப்பறம் என்ன, ஆத்தாளுக்குப் பண்ணின சத்தியம். மீற முடியுமா? அவ பல்லடத்துல இருக்கறா. ஆமா, உங்க ஊருதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க சீட் கவர் கடை வெச்சிருக்கறாங்களாம். அவளும் மிசின்ல உக்காந்து தைக்கறாளாம். ரெண்டு புள்ளைங்களாம். ஒறம்பரையில, சொந்தக்காரி ஒருத்தி வந்து சொன்னா. சொல்லி முடிச்சதும், இதையெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்றேன்னு அவளையும் வஞ்சு அனுப்பிச்சேன். போன் பண்றதா? போன்ல பேசலாந்தான். சத்தியத்துல பேச்சைப் பத்தி ஒண்ணும் இல்லைதான். ஆனா பேசினா பாக்கத் தோணுமே கண்ணு. அதனால பேசறதில்லை.

போன வருசம் அவரு போயிட்டாரு. நெஞ்சுவலி. தூக்கற அன்னிக்கு அவ வந்தாளாம். தெருமுக்குல, ரேசன் கடைப் படியில ரெண்டு புள்ளைங்களையும் கையில புடிச்சுட்டு நின்னாளாம். எல்லாரும் பாத்திருக்கறாங்க. நான் பாக்கல. "கோகிலம் வந்திருக்கறா, நிமிந்து பாரு"ன்னு என்ர நாத்தனாளே காதுல சொன்னா. நான் குனிஞ்ச தலையை நிமித்தல. நிமிந்தா சத்தியம் போயிருமே. அவரைத் தூக்கிட்டுப் போறப்பகூட நான் தரையைத்தான் பாத்துட்டிருந்தேன். அவரு போனதையும் பாக்கல, அவ வந்ததையும் பாக்கல.

வருசம் திரும்பினதும் ஊட்டைச் சுத்தம் பண்ணலாம்னு ஏணி போட்டு அட்டாலியில ஏறினா, அவரு வேட்டி ஒண்ணுல சுத்தி அந்தக் காமிரா இருக்குது. நம்பர் காட்டற குட்டிக் கண்ணாடியில முப்பத்திரண்டுன்னு அப்படியே நிக்குது. உள்ள என்ர புள்ள இருக்கறா, கோழியைப் பாத்துச் சிரிச்சுட்டு. நீயே சொல்லு, படிச்ச புள்ள. மூஞ்சியில முழிக்கறதுன்னா என்ன? ஆளுக்கு ஆளு எதுக்க நின்னு பாக்கறது. போட்டோவுல பாக்கறது அதுல சேருமா? சேராதில்ல? நான் கோயல் பூசாரிகிட்டயே கேட்டேன். "போட்டோன்னா சாமி போட்டோவுங்களா"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். தாராளமாப் பாக்கலாம்னாரு.

அப்படி ஆத்தாளே தொறந்துவிட்ட வழி கண்ணு அது. இருக்கற ஒரே வழி. அதைத்தான் அந்த டை கட்டினவன் படார்னு தொறந்து வெளிச்சம் போட்டுட்டான்.

நேரா ராயப்பண்ணன் ஊட்டுக்குப் போயிட்டேன் சண்டைக்கு. அவரு இப்பக் கண்ணு மங்கி ஊட்டோட இருக்கறாரு. குரலை வெச்சே, "தங்கச்சியா"ன்னாரு. சொன்னேன். தலையில கை வெச்சுட்டாரு. எந்திரிச்சு நின்னு என்னயக் கையெடுத்துக் கும்புட்டாரு, அவரு என்ன பண்ணுவாரு பாவம். பொறகு மெதுவா ஒண்ணு சொன்னாரு. எங்கூட்டுக்காரரு வருசத்துக்கு ஒருக்கா அந்தக் காமிராவைத் தூக்கிட்டுக் கடைக்கு வருவாராம். கண்ணாடியில பூஞ்சை புடிச்சிருக்குதான்னு பாக்கச் சொல்லுவாராம். தொடைக்கச் சொல்லுவாராம். ஈரத்தைக் குடிக்கறதுக்குன்னு ஒரு சின்னப் பொட்டலம் இருக்குது, அதைப் புதுசா வாங்கிட்டுப் போவாராம். நாங்கூட வேட்டிக்குள்ள அந்தப் பொட்டலத்தைப் பாத்து, செருப்பு டப்பாவுல இருந்து விழுந்திருக்கும்னு நெனைச்சேன். "ரோலைக் கழுவிரலாங்களா மச்சான்"னு ஒவ்வொரு தடவையும் ராயப்பண்ணன் கேப்பாராம். "இன்னும் நாலு படம் இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு, காமிராவை நெஞ்சோட அணைச்சுட்டு எறங்கிப் போயிருவாராம்.

பாத்தியா கஞ்சத்தனத்தை? சாகற வரைக்கும் நாலு படத்தை வீணாக்க மனசு வரல அந்த மனுசனுக்கு. இதைச் சொன்னப்ப ராயப்பண்ணன் எதுக்கோ அழுதாரு. வயசானா எல்லாத்துக்கும் அழுகை வந்துருது.

அவருதான் சொன்னாரு. டக்குன்னு மூடியிருந்தா முழுசும் போயிருக்காதாம். ரோலு சுத்திச் சுத்தி இருக்குமில்ல, மேல் சுத்துல இருக்கறது போயிருக்கும், அடிச்சுத்துல இருக்கறது தப்பிச்சிருக்கும்னாரு. மொதல்ல எடுத்தது அடியில. கடைசியா எடுத்தது மேல. அப்படின்னா என்னன்னு புரியுதா? பஸ்ஸெல்லாம் பத்தரமா இருக்கும். என்ர புள்ள மட்டும் போயிட்டா.

இருந்தாலும் ஒரு ஆசை. ஆயுத பூசையன்னிக்கு அவளும் பட்டறைக்கு வந்திருந்தாளே, ஏதாச்சும் ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னிருப்பாளேன்னு. அதுக்குத்தான் கோயமுத்தூருக்குக் குடுத்தனுப்பினது. அந்த லேப்புல இன்னிக்குப் போனா, டோக்கன் எடுங்கங்கறாங்க. டோக்கன் எடுத்தா, "மெயில்ல அனுப்பிட்டமே மேடம், பாக்கலையா"ங்கறா ஒருத்தி. எனக்கேது மெயிலு? காயிதத்துல போட்டுக் குடும்மான்னா, "எல்லாம் பஸ்ஸுதான் இருக்குது, இதையா பிரிண்ட் போடோணும்"னு கேக்கறா. போடுன்னேன். பிலிமு வேணுமா, குப்பையில போட்டறட்டுமான்னு கேக்கறா. ராயப்பண்ணனா இருந்தா ஸ்டூலைப் போட்டு, பக்கத்துல உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு, இது இன்னது தங்கச்சின்னு சொல்லியிருப்பாரு. நானே நின்ன வாக்குல ஒவ்வொண்ணாப் பாத்தேன். பின்னால நின்னவன் தள்ளறான், சீக்கிரம் நகருங்கன்னு.

இந்தா, பாரு. பஸ்ஸு. பஸ்ஸு. இதுவும் பஸ்ஸு. வாழமரம் கட்டி, சந்தனம் வெச்சு, எவ்வளவு லட்சணமா எடுத்திருக்கறாரு பாரு. இதுலதான் இருக்கறா.

தெரியுதா? முன் சக்கரத்துக்கிட்ட. எலுமிச்சம்பழத்தை வெக்கறதுக்குக் குனிஞ்சு நிமுந்திருக்கறா. ரெட்டைச் சடை இல்ல, ஒத்தைச் சடை, கனகாம்பரம் வெச்சிருக்கறா, நான் கட்டிக் குடுத்த பூவு. முதுகு. இந்தப் பக்கம் திரும்பல பாரு. ஒரு காது தெரியுது. கன்னம் நூலாட்டம் தெரியுது. மூஞ்சி இல்லை.

எதுக்க நிக்கறானே, அது அவன்தான். கையில ரெக்சின் சுருட்டு வெச்சிருக்கறான். என்ர புள்ளை மூஞ்சி விழுகல, அவன் மூஞ்சி எப்படிப் பளிச்சுன்னு விழுந்திருக்குது பாரு. எவன் மூஞ்சியை நான் பாக்கவே வேண்டாம்னு இருந்தனோ, அவன் மூஞ்சி. அவளைப் பாத்துச் சிரிக்கறான். இப்படி ஒரு சிரிப்பு. என்னயப் பாத்து என்ர வாழ்க்கையில ஆரும் இப்படிச் சிரிச்சதில்ல கண்ணு. இதை எடுத்தவரு அவ அப்பன்தான். காமிரா வழியா ஒத்தைக் கண்ணை மூடிட்டு நேராப் பாத்துத்தான எடுத்திருக்கறாரு. அவருக்கும் தெரியல பாரு.

அவ திருப்பிச் சிரிச்சாளா என்னன்னு எனக்குத் தெரியோணும். அதுக்குத்தான் மூஞ்சி வேணுங்கறது. அந்தக் கடைக்காரன் தொறந்ததுலருந்தே தூக்கமில்ல எனக்கு. கண்ணை மூடினா பச்சைப் பட்டு வருது, நந்தியாவட்டை வருது, கோழி வருது, மூஞ்சி மட்டும் வர மாட்டீங்குது. பெத்தவளுக்கே மறந்துபோகுமா? மறந்துபோயிருச்சு சாமி. எனக்கு என்ர புள்ளை மூஞ்சி மறந்துபோச்சு. அதான் அந்தக் கடைக்காரனை நான் மன்னிக்கவே மாட்டேங்கறேன்.

என்ன சொல்ற? உன்ர வண்டிக்கு அங்கதான் சீட்டுத் தெச்சியா? அந்தக் கடையிலயா? அப்ப நீ அவளைப் பாத்திருக்கற. பேசியிருக்கற. எப்படி இருக்கறா? வேண்டாம், சொல்லாத. சொல்லு. நரைச்சிருக்குதா? கண்ணாடி போட்டிருக்கறாளா? ஒடம்பு பூசினாப்புலயா? என்ர அம்மா அப்படித்தான் இருப்பாங்க. மிசினை ரோட்டைப் பாத்தா போட்டிருக்கறா? தையல் மிசினை எவளாச்சும் ரோட்டைப் பாத்துப் போடுவாளா, அத்தனை தூசி விழுமே. கரூர் பஸ்ஸு போனா தைக்கறதை நிறுத்திடுவாளாமா? எதுக்கு? அவளுக்கு அறிவே கெடையாது, சின்னதுலருந்தே அப்படித்தான், ஒரு வேலையை எடுத்தா முடிக்க மாட்டா.

பல்லடம் வந்துருச்சா? எந்தப் பக்கம்? உன்ர பக்கந்தான. நான் குனிஞ்சுக்கறேன். இல்ல, என்னயப் பாக்கச் சொல்லாத கண்ணு, சத்தியம். நீ பாரு. நீ பாத்துச் சொல்லு. கடை தொறந்திருக்குதா? இருக்கறாளா? நிக்கறாளா? வாசல்லயா? ஏன் கண்ணு வாசல்ல வந்து நிக்கறா?

ஒரு ஒதவி பண்றியா? உன்ர செல்லுல ஒரு படம் எடுத்துரு. போட்டோன்னா பரவாயில்ல, பூசாரி சொல்லியிருக்கறாரு. கை ஆடாம எடு. மூஞ்சி விழுகோணும். எடுத்துட்டியா? விழுந்துருச்சா? இந்தப் பக்கமா பாத்துட்டிருக்கறா?

காட்டாத, காட்டாத. இப்ப வேண்டாம். இந்தக் கூட்டத்துல, இடி வாங்கிட்டு, வெடுக்குன்னு பாக்கற மூஞ்சியா அது? அதை அப்படியே வெச்சிரு. நான் ஊருக்குப் போயி, குளிச்சு, வெளக்கேத்தி வெச்சுட்டுத்தான் பாப்பேன். காயிதத்துல போட்டுப் பாக்கறேன். நம்பரா? என்ர நம்பரு எனக்குத் தெரியாதே. செல்லு ஊட்டுல இருக்குது. எறங்கோணுமா, ஸ்டாண்டுக்குள்ள வந்துட்டானா? போகாத இரு. உன்ர பேரு என்ன சாமி? பேரைக்கூடக் கேக்கலையே நானு. ஏனுங்க, வழியை விடுங்க, அந்தப் புள்ளையை எறங்க விடாதீங்க, அதுங்கிட்ட என்ர...

கண்ணு! இங்க, இந்த ஜன்னல்ல இருக்கறேன். ஆமா, பாக்கறேன், பாத்தர்றேன், இப்பவே காட்டு, வெளக்கெல்லாம் வேண்டாம். மேல தூக்கு. இன்னும் மேல. அய்யோ, வெயிலு அடிக்குது கண்ணு, வெளிச்சமாத்தான் தெரியுது. உன்ர கைதான் தெரியுது. திருப்பு, அக்கட்டத் திருப்பு. ஒண்ணுமே தெரிய மாட்டீங்குதே, எல்லாம் வெள்ளையா இருக்குதே சாமி.

ஏனுங்க கண்டக்டர், ஊதாதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். ஒரு செகண்டு நிறுத்துங்க. ஒரே ஒரு செகண்டுதானுங்க.